தொலைக் கணினிக் கோப்புகளை வரைகலைச் செயலிகளால் திருத்துதல்

தொலைவிலுள்ள லினக்ஸ் சேவையகத்தின் கோப்பொன்றைத் தம் மேசைக் கணினியின் சாளரத்திலேயே திறந்து, திருத்தி, மீண்டும் அங்கேயே சேமிக்கும் முறை இது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தமையால் இன்றும் பிரான்சோடு பந்துத்துவம் பாராட்டும் குடும்பங்கள் வாழ்கின்ற புதுச்சேரி நகரில், முத்தியால்பேட்டை வீடொன்றில் அமர்ந்து, பாரிஸிலுள்ள சேவையகத்தின் தமிழ்ப் பக்கங்களைத் திருத்துபவரை உதாரணமாகக் கொண்டால், இம்முறையின் குணதோஷங்கள் தெளிவாகும்.

1984-இல் எம்.ஐ.டி.யில் தோன்றிய எக்ஸ் சாளர முறைமை, செயலி அங்கே இயங்க அதன் சாளரம் இங்கே தோன்றும் வசதியை அளித்தது. 1995-இல் பின்லாந்தில் தாத்து இலோனென் இயற்றிய எஸ்எஸ்ஹெச் நெறி, இரு கணினிகளுக்கிடையிலான அப்போக்குவரத்தை மறையாக்கிப் பாதுகாத்தது. ஆயினும் பாரிஸ் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் தூரம். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 80 மில்லிநொடியாகுமாதலின், தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தாமதித்தே திரையில் தோன்றும்.

எஸ்எஸ்ஹெச் வழியே கோப்புகளை அனுப்பும் எஸ்எஃப்டிபி நெறியோ கோப்பையே நம்மிடம் கொணர்கிறது. க்னோம், கேடிஈ ஆகிய மேசைச் சூழல்களின் கோப்பு மேலாளரில் சேவையகத்தின் முகவரியை இட்டாலும், எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் கொண்டு அதன் கோப்புறையை நம் கணினியில் இணைத்தாலும், பிணையத்தின் உதவி பெரும்பாலும் திறக்கும்போதும் சேமிக்கும்போதுமே வேண்டப்படும். விண்டோஸில் இப்பணியை வின்எஸ்சிபி செய்கிறது. தமிழருக்கு இதில் விசேஷமான அனுகூலம் உண்டு. பல முனையச் செயலிகள் திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பகுப்பதால், கொம்பும் காலும் இருபுறம் சூழும் 'கொ' போன்ற எழுத்துகள் சிதைந்து, சுட்டியும் இடம் பிசகுகிறது. ஜிஎடிட், கேட் போன்ற வரைகலைத் திருத்திகளோ அவற்றை முறையாக வடிப்பதோடு, நம் கணினியிலேயே இயங்குவதால், பழகிய தமிழ்99 விசைப்பலகையையும் தடையின்றி ஏற்கின்றன.

எச்சரிக்கை வேண்டிய இடங்களும் உண்டு. சேமிக்கையில் இணைப்பு அறுந்தால் கோப்பு அரைகுறையாகக் கூடுமாதலால் முன்பிரதி ஒன்றை வைத்துக்கொள்வது அவசியம். விண்டோஸ் பாணி வரிமுடிவு கலந்தால் லினக்ஸின் கட்டளைக் கோப்புகள் இயங்க மறுக்கக்கூடும். நிர்வாகியான ரூட் பயனருக்குரிய கோப்புகளைச் சாதாரணக் கணக்கில் நுழைந்தவர் திறந்து படிக்க முடிந்தாலும், சேமிக்கும் உரிமை பெறார்.

அத்தகைய நிர்வாகக் கோப்புகளுக்கு முனையமே தக்கது. தமிழ் உரைகளைத் திருத்துவோருக்கோ எஸ்எஃப்டிபி வழியே சிறந்தது.