பெரும்பதன் யார்?

வரலாறு என்றவுடன் நம் நினைவிற்கு வருவோர் வேந்தரும் படைத்தலைவருமே. இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025-இல் கடாரத்தின்மீது படை செலுத்திய செய்தியை நம் மாணவரும் அறிவர். அதற்கு 600 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட எளியான் ஒருவனின் பெயர் இத் தீபகற்பத்தில் கிடைத்துள்ளதை அறிவார் சிலரே.

தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்னும் பழைய துறையிடம் உளது. மணிகள் மிகுதியாகக் கிடைத்தமையால் 'மணிக்குன்று' என்னும் பொருள்பட அவ்விடம் அப்பெயர் பெற்றது. அங்குக் கிடைத்த சிறு கல்லொன்றில் 'பெரும்பதன் கல்' எனத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. பெரும்பதனுடைய கல் என விரியும் ஆறாம் வேற்றுமைத் தொகை இது.

பதன் என்பது யாது? பழைய பிராமியில் இரட்டித்த மெய்யை ஒற்றையாக எழுதுதல் பெருவழக்கு. எகிப்தின் செங்கடல் துறையாகிய குசேர் அல்-காதிமில் கிடைத்த பானையோட்டில் 'சாதன்' என்றிருப்பது சாத்தனே. அவ்வாறே பதன், பத்தன் ஆகும். பக்தன் எனக் கொள்ளலாகாதோ எனின், கல்லே விடை கூறும். அது பொன்னின் மாற்றறியும் உரைகல். பொற்கொல்லரைப் பத்தர் என்பது இன்றும் நம்மிடை வழங்கும் வழக்கு. ஆகவே பெரும்பத்தன் என்பது தலைமைப் பொற்கொல்லனைக் குறித்தது எனல் பொருந்தும்.

சங்கப் புலவருள் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் ஊரும் தொழிலும் இயற்பெயரும் ஒருங்கே பெற்றார். நம் பத்தனுக்கோ தொழிற்பெயர் மட்டுமே எஞ்சியது. எனினும் உரைகல் விற்பனைச் சரக்கன்று. கைவினைஞன் தன்னுடன் வைத்திருக்கும் கருவி. எனவே அவனோ அவன் வழியினனோ கடல் கடந்து இங்குத் தொழில் செய்தனன் என்று கருத இடமுண்டு.

ஓசையொற்றுமை ஒன்றையே பற்றிப் பெயர்மூலம் காண்பது பிழைபடும். பொருளும் எழுத்துமரபும் உலக வழக்கும் ஒருங்கே சான்று பகர வேண்டும். பழைய தோட்டப் பதிவேடுகளில் ஆங்கில எழுத்தால் உருச்சிதைந்து கிடக்கும் நம் பாட்டன் பாட்டியர் பெயர்களுக்கும் இம்முறையே ஏற்றது. அவற்றை மீட்டெழுத ஆசிரியர்கள் மாணவரைப் பழக்குவார்களாக. ஒரு கல் காத்த பெயரை நாம் கண்டோம். தாள் காத்த பெயர்களை இழந்துவிடலாகாது.