உப்பும் சர்க்கரையும் உயிர் காத்த வரலாறு



வரலாறு என்றவுடன் போர்களும் உடன்படிக்கைகளும் உங்கள் நினைவிற்கு வருதல் இயல்பு. போரில் வென்றவர் பெயரை நூல்கள் பொறித்து வைக்கின்றன. அப்போருக்கு அஞ்சி ஊரைத் துறந்து ஓடிய மக்கள் எங்கே தங்கினர், எந்த நீரைப் பருகினர், எந்நோயால் மடிந்தனர் என்பதை அவை அத்துணை விரிவாகச் சொல்வதில்லை. அத்தகைய மக்களிடையே நிகழ்ந்ததொரு நிகழ்ச்சியை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

1971-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் இரவில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகராகிய டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் மக்கள்மீது தாக்குதல் தொடங்கிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவிற்குள் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் மேற்கு வங்காளம். இந்நாட்டின் மறுகோடியில் வாழ்ந்த நாமும் அச்சுமையில் ஒரு சிறு பங்கு ஏற்றோம். அவ்வாண்டு நவம்பர் முதல் கடிதங்களின்மீது அகதிகள் துயர் துடைப்புக்கென 5 பைசா தபால்தலை ஒன்றும் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. சிறுவனாயிருந்த நான் அகதி என்னும் சொல்லை முதன்முதலில் அறிந்தது அத்தபால்தலையினால்தான்.

நெருக்கடியும் தூய்மையற்ற நீரும் சேர்ந்தவிடத்தில் வாந்திபேதி வருதல் திண்ணம். அகதிகளிடையே அந்நோய் காட்டுத்தீயெனப் பரவிற்று. வாந்திபேதி உயிரைக் கொள்வது எவ்வாறு? உடலிலுள்ள நீரும் உப்பும் சில மணி நேரத்திற்குள் வெளியேறிவிடுகின்றன. குருதி வற்றி மனிதன் மாண்டுபோகின்றான். இழந்த நீரை உடனே ஈடு செய்தால் அவன் பிழைப்பான். அந்நாளில் மருத்துவர்கள் அதற்குக் கையாண்ட முறை, தூய உப்புநீரை ஊசியின் மூலம் இரத்தக் குழாயில் ஏற்றுதல். அதற்குப் புட்டிகள் வேண்டும்; ஊசிகள் வேண்டும்; பயின்ற கைகளும் வேண்டும். எல்லைப்புறச் சிற்றூர்களில் இவை மூன்றும் அரிதாயின.

அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அப்போது கல்கத்தாவில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி வந்தது. அங்கே பணியாற்றியவர் டாக்டர் திலீப் மகலனபீஸ். குழந்தை மருத்துவர், வயது 36. கிழக்கு வங்காளத்திலுள்ள கிஷோர்கஞ்சில் பிறந்தவர். அவர் ஒரு சிறு குழுவுடன் ஜூன் மாத இறுதியில் எல்லையை ஒட்டிய பன்காவ் என்னும் ஊருக்குச் சென்றார். மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் கட்டிலின்றித் தரையெங்கும் கிடந்தனர். அவர்களுக்கு ஊசி போட வேண்டுமாயின் அந்தக் கழிவின் மீதே மண்டியிட வேண்டும். சில நாட்களில் ஊசி வழி ஏற்றும் நீரும் தீரத் தொடங்கிற்று.

இங்கே சற்று முன்னோக்கிச் செல்வோம். உப்புநீரை மட்டும் பருகினால் வாந்திபேதி கண்டவனின் குடல் அதனை ஏற்பதில்லை. குளூக்கோஸ் என்னும் சர்க்கரையையும் அதனுடன் கலந்தால், சர்க்கரை உப்பையும் உடனழைத்துக்கொண்டு குடற்சுவரின் வழியே உட்புகும், நீரும் பின்தொடரும். இவ்வியல்பைப் பயன்கொண்டு டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் என்னும் இரு மருத்துவர்கள் டாக்காவில் செய்த ஆய்வு 1968-ல் வெளியாயிற்று. வாய்வழிக் கரைசலைப் பருகினால், ஊசி வழி ஏற்றும் நீரின் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என அவர்கள் மெய்ப்பித்தனர். ஆயினும் மருத்துவ உலகம் தயங்கிற்று. பயின்றவர் மேற்பார்வையின்றி, அளவறியாத மக்களிடம் இதனைக் கொடுக்கலாகாது என்பதே பலரது கருத்து.

மகலனபீஸ் துணிந்தார். லிட்டர் ஒன்றுக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையற் சோடா என்னும் அளவில் பொடி கலந்து, கல்கத்தாவில் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, பன்காவுக்கு அனுப்பச் செய்தார். அங்கே பெரிய பீப்பாய்களில் அது கரைக்கப்பட்டது. மயங்கிக் கிடந்தோர்க்கு மட்டும் ஊசி. ஏனையோர்க்கு அவர்தம் தாயரும் உடன்பிறந்தாரும் குவளையில் மொண்டு புகட்டினர். ஒரு லிட்டருக்கு ஆன செலவு ஏறத்தாழ 11 பைசா. இரண்டு கடிதங்களில் நாம் ஒட்டிய அகதித் தபால்தலைகளின் விலைக்குச் சற்றே மேல்!

அத்துடன் அவர் நின்றாரில்லை. அத்துணை நெருக்கடியிலும் வந்தவர் எத்தனை பேர், மாண்டவர் எத்தனை பேர் என்று கணக்கு வைத்தார். இரண்டு மாதங்களில் மருத்துவம் பெற்றோர் 3,000 பேருக்கு மேல். முன்னர்ச் சில முகாம்களில் நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, அவர்தம் குழுவின் கண்காணிப்பில் நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கிற்று. இவ்விவரங்களை 1973-ல் அவர் வெளியிட்டார். பன்காவ் பணியை நேரிற் கண்ட டாக்டர் திமான் பரூவா, உலகச் சுகாதார நிறுவனத்தில் இம்முறைக்காக வாதாடினார். 1978-ல் லான்செட் என்னும் மருத்துவ இதழ், இந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது விளங்கக்கூடும் என்று எழுதிற்று.

பின்னர், விடுதலை பெற்ற வங்காளதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம், 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் அரைச்சேர் நீரில் கரைக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தது. இவ்வாறு 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு அக்கல்வி சென்றது. மகலனபீஸ் 2022-ல் மறைந்தார்; மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது.

பல்கலைக்கழகத்தில் துயர் துடைப்புப் பணிக்குத் தலைமை தாங்குவோர்க்கு வேண்டிய பண்புகள் யாவை என்று என்னை வினவினால், நான் பன்காவையே சுட்டுவேன். ஆய்வுக்கூடத்தில் தோன்றிய உண்மையைத் தேவையுள்ள இடத்திற்கு எடுத்துச் செல்லும் துணிவு ஒன்று. எழுத்தறியாத தாயின் கையிலும் அதனை நம்பி ஒப்படைக்கும் பணிவு மற்றொன்று. மூன்றாவது, கண்ணீருக்கிடையிலும் தவறாது கணக்கெழுதும் நேர்மை. கணக்கு இல்லாதிருப்பின் பன்காவில் பிழைத்தோர் பிழைத்திருப்பர். உலகம் அம்முறையை நம்பியிராது. பின்வந்த எண்ணற்ற குழந்தைகள் மாண்டிருப்பர்.

இன்றும் உலகில் பல கோடி மக்கள் வீடிழந்து அலைகின்றனர். உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் அரசுப் பணி ஏற்பீர்கள். நீங்கள் கற்ற கல்வி ஒரு நாள் ஒரு முகாமின் வாயிலில் வந்து நிற்க நேரலாம். அன்று அது குவளையில் மொண்டு கொடுக்கத்தக்க எளிமையுடன் இருக்குமாறு இப்போதே நன்கு கற்றுக்கொள்ளுங்கள்.