ராத்திரிப் பள்ளிக்கூடம்: ரக்கூன் வேட்டை நாய்களின் கதை

நாய்களைப் பற்றி நான் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நானே எதிர்பார்க்கவில்லை. போபாலுக்கு மாற்றலாகி வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் வீட்டில் ஒரு கிளிகூட வளர்த்ததில்லை. எல்லாம் மகளால் வந்த வினை. ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து ஒரு நாவல் கொண்டு வந்தாள். வில்சன் ரால்ஸ் என்ற அமெரிக்கர் 1961-ல் எழுதிய 'வேர் த ரெட் ஃபெர்ன் க்ரோஸ்'. ஒரு ஏழைப் பையனும் அவனுடைய இரண்டு வேட்டை நாய்களும்தான் கதை. படித்து முடித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் வந்து கேட்டாள்: "அப்பா, நாய்க்கு வேட்டை தானாவே வராதா? ஏன் சொல்லித் தரணும்?"

அந்த வாரம் என் மேஜையில் ஒரு காகிதம் காத்துக்கொண்டிருந்தது. எங்கள் கிளைக்கு வந்த ஒரு ப்ரொபேஷனரி ஆபீசரைப் பற்றி நான் எழுதவேண்டிய கன்ஃபர்மேஷன் ரிப்போர்ட். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மகளுடைய கேள்விக்கு வருவோம்.

ரக்கூன் நம்ம ஊர் பிராணி இல்லை. வட அமெரிக்காவில் இருப்பது. பெரிய பூனை அளவிலிருந்து நடுத்தர நாய் அளவு வரை இருக்கும். கண்ணைச் சுற்றித் திருடன் முகமூடி மாதிரி கறுப்பு, வாலில் வளையம் வளையமாகப் பட்டை. வர்ஜீனியாப் பக்கம் இருந்த பவ்ஹாட்டன் பழங்குடிகளின் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே ஆங்கிலத்துக்கு வந்தது. ராத்திரியில்தான் இரை தேடும். சோளக்கொல்லையைப் பாழாக்கும், கோழிக்கூண்டைத் திறக்கும். துரத்தினால் விறுவிறு என்று மரத்தில் ஏறிவிடும். தண்ணீரில் சிக்கினால், தன்னைவிடப் பெரிய நாயின் தலைமேல் ஏறி அமுக்கி மூழ்கடிக்கப் பார்க்கும். லேசுப்பட்ட ஆள் இல்லை.

அந்த மரம் ஏறும் பழக்கம்தான் இங்கே முக்கியம். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது நரி வேட்டை நாய்கள். 1650-ல் ராபர்ட் புரூக் என்பவர் மேரிலாந்துக்குக் குடும்பத்தோடு வந்தபோது ஒரு நாய்க்கூட்டத்தையும் கப்பலில் ஏற்றி வந்தார். ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் இந்தப் பித்து உண்டு. 1785-ல் பிரான்சிலிருந்து லஃபாயெட் அவருக்கு ஏழு பெரிய வேட்டை நாய்களை அனுப்பிவைத்தார். ஆனால் நரி நாய்க்குத் தரையில் ஓடும் பிராணியைத் துரத்தத்தான் தெரியும். ரக்கூன் மரத்தில் ஏறியதும் மோப்பம் அறுந்துபோகும். நாய் திருதிருவென்று விழித்துவிட்டு வேறு பக்கம் ஓடிவிடும்.

ஆக, குடியானவர்களுக்கு வேறு மாதிரி நாய் தேவைப்பட்டது. மோப்பம் மேலே போய்விட்டது என்று புரிந்துகொண்டு, மரத்தடியிலேயே நின்று, எஜமான் வரும்வரை விடாமல் குரைக்கும் நாய். அந்தக் குணம் உள்ள நாய்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்து உண்டாக்கியவைதான் கூன்ஹவுண்ட் எனப்படும் இனங்கள். 1750 வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்த யோஹானஸ் ப்ளாட் கொண்டுவந்த பன்றி வேட்டை நாய்களின் வழி வந்தது ப்ளாட் இனம். 1989-ல் அது வட கரோலினாவின் மாநில நாய் ஆனது. 1850-களில் டென்னசியிலிருந்து திருட்டுத்தனமாகக் கென்டக்கிக்குக் கொண்டுபோய் விற்கப்பட்ட 'டென்னசி லீட்' என்ற ஒற்றை நாயின் ரத்தம்தான் வாக்கர் நாய்களின் வேகத்துக்குக் காரணம் என்று சொல்வார்கள். 1898-ல் தொடங்கிய யுனைடெட் கென்னல் கிளப், 1900-ல் பிளாக் அண்ட் டானைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. ட்ரீயிங் வாக்கர் 1945-ல் தனி இனமாகப் பதிவானது, ப்ளூடிக் 1946-ல். ரெட்போனையும் இங்கிலிஷ் கூன்ஹவுண்டையும் சேர்த்தால் மொத்தம் ஆறு இனம்.

நடுவில் ஒரு வங்கிக்காரன் விஷயம். 1784-ல் இன்றைய கிழக்கு டென்னசியில் 'ஃப்ராங்க்ளின்' என்று ஒரு மாநிலத்தை அறிவித்துக்கொண்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் அங்கீகரிக்கவே இல்லை, நாலு வருஷத்தில் கலைந்தும் போனது. அங்கே நாணயம் கிடையாது. அதனால் வரியைத் தோலாகவும் கட்டலாம் என்று சட்டம் போட்டார்கள். ஒரு ரக்கூன் தோலுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். நம்ம ஆட்கள் மட்டும்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். விலை குறைந்த ஒப்போசம் தோலில் ரக்கூன் வாலைத் தைத்துக் கஜானாவில் கட்டியவர்கள் இருந்தார்கள் என்று அந்த ஊர்க் கதைகள் சொல்கின்றன. கள்ளநோட்டுக்கு அண்ணன் கள்ளத்தோல்! :-)

சரி, பயிற்சிக்கு வருவோம்.

குட்டியிலிருந்தே காட்டுக்குப் போய் வந்த நாய்க்குப் பெரிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல், ஒன்றரை இரண்டு வயது வரை கூண்டிலேயே வளர்ந்த நாய்தான். உடம்பு முழுசாக வளர்ந்திருக்கும், பழக்கம் பூஜ்யம். இருட்டைப் பார்த்தால் பயம், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுக்கம். விலை குறைத்து விற்றுவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. முதல் சில வாரம் வேட்டை என்ற பேச்சே கிடையாது. கூப்பிட்டால் வரவேண்டும், கயிற்றோடு நடக்கவேண்டும், வண்டியில் ஏற இறங்கப் பழகவேண்டும், அவ்வளவுதான். பிறகு ராத்திரியில் சும்மா காட்டுக்குள் நடை. ஓடை, முள்வேலி, சேறு எல்லாம் பழக்கமாகட்டும் என்று. அப்புறம் ரக்கூன் தோலைத் தரையில் இழுத்துப்போய் ஒரு மரத்தில் கட்டிவிடுவார்கள். நாய் அந்த வாசனை பிடித்துப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்துக் குரைத்தால் தட்டிக்கொடுப்பார்கள். ரால்ஸின் நாவலில் வரும் பையனும் ஒரு தோலை வைத்துத்தான் தன் குட்டிகளுக்குப் பாடம் எடுக்கிறான்.

அடுத்த வகுப்பு, தேர்ந்த ஒரு வயசான நாயோடு அனுப்புவது. இங்கே ஒரு ஆபத்து உண்டு. சில இளம் நாய்கள் பெரிய நாய் குரைத்தால் தானும் குரைக்கும், அது ஓடினால் பின்னாலேயே ஓடும். பார்ப்பவர்களுக்கு வேலை கற்றுக்கொண்ட மாதிரி தெரியும். தனியே விட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் சில ராத்திரிகளுக்குப் பிறகு தனியே அனுப்பியே ஆகவேண்டும். தப்பு நடக்கும். மான் பின்னாலும் முயல் பின்னாலும் ஓடும், அதைத் திருத்தவேண்டும். ரக்கூன் ஒரு மரத்தில் ஏறிக் கிளை வழியாக அடுத்த மரத்துக்குப் போயிருக்கும், இது காலி மரத்தடியில் நின்று தொண்டை கிழியக் கத்தும். 'தப்பான மரத்தைப் பார்த்துக் குரைக்கிறான்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொலவடை உண்டே, அது 1830-களில் அச்சில் ஏறியது, இந்த வேட்டையிலிருந்து வந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது குரல் விஷயம். எஜமான் நாயைப் பார்ப்பதே இல்லை. இருட்டில் எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தடத்தில் ஓடும்போது நாயின் குரல் நீளமாக, இழுத்து இழுத்து வரும். மரத்தைக் கண்டுபிடித்ததும் அது மாறி வெட்டு வெட்டாக, விடாமல் விழும். அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் லாந்தரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் லாந்தர், பிறகு கார்பைடு விளக்கு, இப்போது தலைவிளக்கு, ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை. பாடம் மட்டும் அதேதான். இப்படி முழுசாக ஒரு பருவம் ஓடவேண்டும், அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வருஷம். அதற்கு முன்னால் தேறும் தேறாது என்று தீர்ப்பு எழுதக்கூடாது என்பது பழைய வேட்டைக்காரர்கள் பலருடைய கட்சி.

இவ்வளவு நுணுக்கத்தையும் யார் கண்டுபிடித்தார்கள்? இனங்களுக்குப் பெயராக நிற்பவை ப்ளாட், வாக்கர் மாதிரி வெள்ளைக்காரக் குடும்பங்கள்தான். ஆனால் தென் மாநிலங்களில் ராத்திரி வேட்டை யாருடைய பிழைப்பாக இருந்தது என்று பார்த்தால் கதை மாறுகிறது. பகல் முழுக்கப் பருத்தியும் புகையிலையும் எஜமானுக்கு. ராத்திரி மட்டும்தான் அடிமைப்பட்ட கறுப்பின மக்களுக்கு. படியளப்பது போதாத குடும்பத்துக்கு ரக்கூனும் ஒப்போசமும்தான் இறைச்சி. துப்பாக்கி வைத்துக்கொள்வது அநேகமாக நடக்காத காரியம், ஆகவே எல்லாமே நாய்தான். அடிமையாக வாழ்ந்து விடுதலையானவர்களிடம் 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்கள். இந்த ராத்திரி வேட்டைகள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

லஃபாயெட் அனுப்பிய நாய்களை ஆசையாக வாங்கிக்கொண்ட அதே வாஷிங்டன், 1792 டிசம்பரில் தன் பண்ணை மேலாளர் ஆண்டனி விட்டிங்குக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அடிமைகள் யாராவது இனி நாய் வளர்த்தால் அவருக்குக் கடும் தண்டனை, நாய்க்குத் தூக்கு. ராத்திரித் திருட்டுக்குத்தான் நாய் வளர்க்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். அதே கடிதத்தில் தன்னை அறியாமல் ஒரு சான்றிதழும் கொடுத்துவிடுகிறார். அந்த நாய்கள் அவர்களுடைய சொல்லுக்கு எவ்வளவு கட்டுப்படுகின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறதாம்!

அந்த நாய்களுக்கு அப்படிப் பாடம் எடுத்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. போதாததற்கு, ரக்கூன் என்பதன் சுருக்கமான 'கூன்' என்ற சொல்லையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையாக்கிவிட்டார்கள். மகளுக்கு இதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதானே.

பிற்பாடு 1920-களில் கல்லூரி மாணவர்கள் ரக்கூன் தோல் கோட்டுக்கு அலைந்தார்கள். 1950-களின் நடுவில் டேவி கிராக்கெட் டிவி தொடரால் ரக்கூன் வால் தொங்கும் தொப்பிக்குக் கிராக்கி. தோல் விலை 1970-களின் கடைசியில் உச்சத்துக்குப் போய், 1980-களின் கடைசியில் சரிந்தது. தோலுக்காக வேட்டையாடியவர்கள் குறைந்தார்கள், நாய்களுக்காகப் போகிறவர்கள் நிலைத்தார்கள். கிளப்கள் நடத்தும் ராத்திரிப் போட்டிகளில் துப்பாக்கி கிடையாது, ரக்கூனைக் கொல்வதும் கிடையாது. எந்த நாய் முதலில் தடம் பிடித்தது, எது சரியான மரத்தில் நின்றது என்பதற்குத்தான் மதிப்பெண். வேட்டை எனக்குப் பிடித்த விஷயம் இல்லை. இந்தப் போட்டியைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அலபாமாவில் கோல்பர்ட் கவுன்டியில் இந்த நாய்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1937 செப்டம்பர் 4-ஆம் தேதி கீ அண்டர்வுட் என்பவர் 'ட்ரூப்' என்ற தன் நாயை, அது வழக்கமாக வேட்டைக்கு வந்த இடத்திலேயே புதைத்தார். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் அங்கே துயில்கின்றன. வேறு இன நாய்க்கு இடமில்லை.

இன்னொன்று. வில்சன் ரால்ஸ் தன் எழுத்து தேறாது என்று நினைத்து, 1958-ல் கல்யாணத்துக்கு முன்னால் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் எரித்துவிட்டார். மனைவி சோஃபி விடவில்லை. மறுபடி எழுதச் சொன்னார். அப்படி மறுபடி எழுதியதுதான் என் மகளைச் சாப்பிடவிடாமல் செய்த நாவல்.

இனி அந்தக் காகிதம். தம்பி நம்ம பக்கத்துப் பையன், இருபத்துநாலு வயது. எங்கள் கிளைக்கு வந்து ஆறு மாசம் ஆகிறது. அதற்கு முன் வேலை பார்த்த இரண்டு கிளைகளிலும், ஹிந்தி வராது என்று அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்ததோடு சரி. ஒரு கிராமத்துக்கு அனுப்பவில்லை, ஒரு விவசாயியிடம் பேசவிடவில்லை. முதல் முறை கிசான் கிரெடிட் கார்டு ஆய்வுக்கு நான் அனுப்பியபோது தப்பான நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து ரிப்போர்ட் எழுதினான். காலி மரம்! கிளையே சிரித்தது. நானும் சிரித்தேன். களப்பணிக்குத் தகுதியில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதத்தான் பேனாவை எடுத்திருந்தேன்.

மனுஷனை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வெட்கப்பட்டது என்னைப் பற்றித்தான். இந்த ஆறு மாசத்தில் நான் அவனை ஒரு தடவைகூடக் கூட அழைத்துப் போனதில்லை. பழக்கமே தராமல் தீர்ப்பு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன் ஒரு ஹிந்தி வார்த்தையும் தெரியாமல் நான் வந்து இறங்கியபோது, ஒரு வயசான ஹெட் கேஷியர் என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஊர் ஊராகச் சுற்றினார். அவர் பெயரும் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

ப்ரொபேஷனை ஆறு மாசம் நீட்டிக்கப் பரிந்துரை செய்து, காரணம் என்ற இடத்தில் "களப்பயிற்சி அளிக்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே இருந்து அதற்கு ஒரு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தாகிவிட்டது. முதல் நாலு வாரம் சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து கிராமங்களுக்குப் போனோம். ஐந்தாவது வாரம் வேண்டுமென்றே அவனைத் தனியே அனுப்பிவைத்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"சார், பட்வாரியைக் கூட்டிக்கிட்டுப் போய் சர்வே நம்பர் சரிபார்த்துட்டேன். இந்தத் தடவை சரியான வயல்தான்."

குரல் மாறியிருந்தது.