தாயாகுமுன் வாழ்ந்த மரியா

மேரி கியூரி அம்மையார் 1934 யூலை 4 ஆம் திகதி காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1937 இல், அவருடைய இளைய மகள் ஏவ் தன் தாயின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். மகள் தாயைப் பற்றி எழுதுவது புதுமையன்று. ஆனால் ஏவ் தன் நினைவுகளை மட்டும் நம்பி அந்நூலை எழுதியிருக்க முடியாது என்பதே நாம் சிந்திக்கவேண்டிய விடயம். 1904 இல் அவர் பிறந்தபோது தாய்க்கு வயது 37. 1906 ஏப்ரிலில் தந்தை பியர் வண்டியில் அகப்பட்டு மாண்டபோது குழந்தைக்கு ஒன்றரை வயதும் நிரம்பவில்லை. எனவே ஏவ் நினைவறிந்து கண்டவர், கறுப்புடை அணிந்து ஓயாதுழைத்த ஒரு விதவையே. போலந்தில் வீட்டார் 'மான்யா' என்றழைத்த இளம்பெண்ணை அவர் பழைய கடிதங்களிலும் உற்றார் வாய்மொழியிலுமே தேடிக் காணவேண்டியிருந்தது.

பிள்ளைத்தமிழ் பாடித் தெய்வத்துக்கும் இளமை கண்டவர் நாம். பெற்ற தாயின் இளமையை மட்டும் நாம் கேட்டறிவதில்லை. அவள் வாழ்வு நாம் பிறந்த அன்றே தொடங்கியதாக எண்ணிவிடுகின்றோம்.

மரியா 1867 நவம்பர் 7 இல் வார்சோ நகரிற் பிறந்தார். ஜார் ஆட்சியின் கீழிருந்த அந்நகரப் பள்ளிகளில் ருசிய மொழியே கோலோச்சியது. 1883 இல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்த மரியா, பின் ஓராண்டைக் கிராமப்புறத்தில் உறவினரிடையே கழித்தார். பனிச்சறுக்கு வண்டிகளில் வீடு வீடாகச் சென்று விடியும்வரை ஆடும் விழாக்கள் அங்கு உண்டு. ஓரிரவு ஆடி முடித்தபோது அவருடைய காலணிகளின் அடித்தோல் தேய்ந்து, அவற்றை வீசியெறிய நேர்ந்ததாம். அறிவியல் நூல்களில் நாம் காணும் கடுமையான முகத்தோடு இச்செய்தியைப் பொருத்திப் பார்ப்பது சற்றுக் கடினந்தான்.

வார்சோ சர்வகலாசாலை பெண்களுக்குக் கதவடைத்திருந்தது. ஆகவே, காவற்றுறையின் கண்ணுக்குத் தப்ப இடம் மாறி மாறி இரகசியமாக நடைபெற்ற 'பறக்கும் சர்வகலாசாலை'யில் மரியாவும் அவர் தமக்கை புறோனியாவும் பயின்றனர். பாரிஸ் சென்று வைத்தியம் கற்கப் புறோனியா விரும்பினார், பணமில்லை. சகோதரியர் இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். மரியா வேலை செய்து தமக்கையைப் படிப்பிப்பது. தமக்கை வைத்தியரானபின் தங்கையை அழைத்துக்கொள்வது.

1886 சனவரியில் மரியா, ஷ்ட்சூக்கி என்னும் கிராமத்துப் பண்ணை வீடொன்றில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியையாக அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 500 ரூபிள். சுற்றிலும் சர்க்கரைப் பீற்று வயல்கள். அவ்வயல்களில் உழைத்தோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவில்லை என்பதைக் கண்ட மரியா, அவ்வீட்டு மூத்த மகளைத் துணைக்கொண்டு, அவர்களுக்குப் போலந்து மொழியில் எழுத்துக் கற்பித்தார். ஆட்சியாளர் அறிந்தால் சைபீரியாவுக்கு அனுப்பக்கூடிய குற்றம் அது. நாளெல்லாம் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்து, இரவில் தனியே பௌதிகமும் கணிதமும் படித்தார்.

அவ்வீட்டு மூத்த மகன் கசிமியெர்ஸ், பின்னாளிற் பெயர்பெற்ற கணித அறிஞர், மரியாவை மணக்க விரும்பினான். கூலிக்குப் பாடஞ் சொல்ல வந்தவள் மருமகளாவதா என்று பெற்றோர் மறுத்தனர். அவனும் பணிந்தான். மானமுள்ள எவரும் மறுநாளே வெளியேறியிருப்பர் என்போம். மரியா வெளியேறவில்லை, பாரிஸில் தமக்கையின் படிப்பு அச்சம்பளத்தை நம்பியிருந்தது. வறுமை மனிதரின் தன்மானத்தின்மீது விதிக்கும் வரி இதுவென்று நாம் கருதுகின்றோம். 1889 வரை அவர் அவ்வீட்டிலேயே பணிபுரிந்தார்.

1891 நவம்பரில் பாரிஸ் வாழ்வு தொடங்கிற்று. மாடத்து அறையின் குளிரும் அரைப் பட்டினியும் பலர் அறிந்த கதை. 1893 இற் பௌதிகத்தில் முதலிடம். 1894 இற் கணிதத்தில் இரண்டாமிடம். மாணாக்கருக்கென வழங்கப்பட்ட 600 ரூபிள் உதவிப் பணத்தை, எவரும் கேளாமலே, சம்பாதிக்கத் தொடங்கியதும் அவர் திருப்பிக் கொடுத்தார். 1895 இல் திருமணம். 1897 செப்டெம்பரில் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள்.

இரேடியம் கண்டறியப்பட்டது 1898 இல். அதாவது, மரியா தாயானபின். தாய்மை அறிவாராய்ச்சிக்குத் தடை என்போர் இதைக் குறித்துக்கொள்க. ஆயினும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். மனைவியை இழந்து அவர்களுடன் வாழ வந்த பியரின் தந்தையார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். தொட்டிலருகே வேறு கைகள் இருந்தமையாலேயே ஆய்வுகூடத்தில் அவர் கைகள் வேலைசெய்ய முடிந்தது.

அவருடைய தாய் புறோனிஸ்லாவாவுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. அவரும் கற்றவரே. வார்சோவின் பிறேற்றா வீதியிலிருந்த பெண்கள் பள்ளியிற் படித்து, அங்கேயே ஆசிரியையாகி, அதன் தலைமையையும் ஏற்றவர். ஐந்தாவது பிள்ளையாக மரியா பிறந்தபின் அப்பதவியைத் துறந்தார். வீட்டுச் செலவைக் குறைக்கச் செருப்புத் தைக்கும் தொழிலைப் பழகி, பிள்ளைகளின் காலணிகளைத் தம் கையாலேயே செய்தார். காச நோய் தொற்றிவிடுமென்று பிள்ளைகளை முத்தமிடாது விலகியிருந்து, 1878 இல் மறைந்தார். மரியாவுக்கு அப்போது வயது 10. பிறேற்றா வீதிப் பள்ளியின் தலைமையாசிரியை, பிள்ளைகள் பிறக்குமுன் எதைப் படித்தார், எதை விரும்பினார், எங்கே ஆடினார் என்று கேட்டறியும் வயது அம்மகளுக்கு வரவில்லை. பேர்த்தியின் நூலிலும் அவருக்குக் கிடைத்தவை சில பக்கங்களே.