யானைக்கு மூக்கு நீளம், எழுவாய் எங்கே?

ஜப்பானிய மொழி கத்துக்கப் போறவங்க எல்லாரும் முட்டிக்கிற இடம் ஒண்ணு உண்டு. 'வா', 'கா'ன்னு ரெண்டு இடைச்சொற்கள். பிரபலமான உதாரணம்: 'ஸோ வா ஹனா கா நகாய்'. ஸோன்னா யானை, ஹனான்னா மூக்கு, நகாய்னா நீளம். யானைக்கு மூக்கு நீளம், அவ்வளவுதான் விஷயம். நாம ஒரு 'க்கு' போட்டுத் தப்பிச்சிடறோம். அவங்க யானைக்குப் பின்னாடி 'வா', மூக்குக்குப் பின்னாடி 'கா' போடறாங்க. சரி, இதுல எழுவாய் எது? யானையா, மூக்கா?

இந்தக் கேள்வியே இறக்குமதிச் சரக்குதான். மெய்ஜி காலத்துல ஐரோப்பிய இலக்கணங்களைப் பார்த்து ஜப்பானிய இலக்கணத்தை ஒழுங்கு பண்ணினாங்க. ஓட்சுகி ஃபுமிஹிகோ 1897-ல் வெளியிட்ட இலக்கண நூல் அதுல முக்கியமானது. ஆங்கிலத்துல எழுவாய் இல்லாம வேலை நடக்காது, மழை பெய்யறதுக்குக்கூட ஒரு 'இட்' வேணும். அந்தச் சட்டையை ஜப்பானிய மொழிக்கும் மாட்டியாச்சு.

அதைக் கழட்டச் சொன்னவர் மிகாமி அகிரா (1903-1971). படிச்சது கட்டடக்கலை, பிழைப்பு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். (நம்ம கட்சி! :-)) 1960-ல் அந்த யானை வாக்கியத்தையே தலைப்பா வெச்சு ஒரு புத்தகம் எழுதினார். எழுவாய்ங்கிற சொல்லே ஜப்பானிய இலக்கணத்துக்கு வேண்டாம்னார். 'வா' காட்டுறது பேசுபொருளை. 'யானையை எடுத்துக்குங்க, மூக்கு நீளம்'ங்கிற மாதிரி. சாப்பாட்டுக் கடையில ஒருத்தர் 'போக்கு வா உனகி தா'ன்னு சொன்னா, சொல்லுக்குச் சொல் 'நான் விலாங்கு மீன்'. யாரும் மிரள்றதில்லை. நாமளும் 'நான் மசால் தோசை'ங்கறோமே.

1976-ல் சார்ல்ஸ் லி, சாண்ட்ரா தாம்ப்ஸன் ரெண்டு பேரும் உலக மொழிகளையே இந்தக் கோணத்துல பிரிச்சாங்க. எழுவாயை வெச்சு வாக்கியம் கட்டுற மொழிகள், பேசுபொருளை வெச்சுக் கட்டுற மொழிகள். ஆங்கிலம் முதல் பக்கம், சீனம் ரெண்டாவது. ஜப்பானிய மொழிக்கு ரெண்டுமே முக்கியம்னு தனியா வெச்சாங்க. ஆங்கிலத்தைப் பார்த்து எல்லா மொழிக்கும் விதி எழுதற பழக்கத்துக்கு இது ஒரு நல்ல குட்டு.

ஆனா மிகாமி சொன்னபடி எழுவாயை அடியோட தூக்கிட முடியும்னு எனக்குத் தோணலை. 'கோனோ ஹோன் வா சென்செய் கா ஓகாகி நி நத்தா'ன்னா, 'இந்தப் புத்தகம் ஆசிரியர் எழுதினது'. பேசுபொருள் புத்தகம்தான். ஆனா 'ஓகாகி நி நத்தா'ங்கிற மரியாதை வினை புத்தகத்துக்கா? 'கா' ஒட்டியிருக்கிற ஆசிரியருக்குத்தானே! அப்போ அந்தப் பெயருக்கு ஏதோ ஒரு தனி அந்தஸ்து இருக்கத்தான் செய்யுது. அதுக்கு என்ன பேர் வைக்கிறதுங்கிறதுலதான் சண்டை.

ஜப்பானியப் பள்ளிக்கூடங்கள்ல இன்னிக்கும் 'ஷுகோ', அதாவது எழுவாய், பாடத்துல இருக்கு.