முள்ளும் கைச்சக்கரமும்

இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை ஒரு காலத்தில் 2 அடி 6 அங்குல அகலப் பாதையில் ரயில் ஓடியது. 1903-ல் நுவரெலியாவுக்கும் மறு ஆண்டு ராகலைக்கும் வந்த பாதை அது, 1940-களில் மூடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளை இழுத்துச் சென்ற எஞ்சினின் கொதிகலனில் அழுத்தமானியின் முள் ஆடியது. அதே நேரத்தில் ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், ஒருவர் இலை உருட்டும் ரோலரின் கைச்சக்கரத்தைத் திருகி, கொழுந்தின் மேல் மூடியை இறக்கிக்கொண்டிருந்தார். முன்னது விஞ்ஞானம், பின்னது வெறும் கைப்பழக்கம் என்று பிரித்துப் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிவினை தவறு. எதனோடு ஒப்பிட்டு, எதைத் தெரிந்துகொள்ள அளக்கிறோம் என்ற கேள்விதான் அழுத்தமானிகளின் வடிவத்தை எப்போதும் தீர்மானித்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு ரோலர்காரரின் கையும் ஒரு விடை.

எஞ்சினில் இருந்த மானி, பிரான்ஸின் யூஜின் போர்டோன் 1849-ல் காப்புரிமை பெற்ற வகை. தட்டையாக நசுக்கி வில்லாக வளைத்த உலோகக் குழாய்க்குள் நீராவி நுழைந்தால் வளைவு சற்றே நிமிரும். அந்த நிமிர்வு பற்சக்கரம் வழியாக முள்ளைத் திருப்பும். குழாய்க்கு உள்ளே நீராவி, வெளியே ஊர்க்காற்று. ஆகவே முள் சொல்வது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. கந்தப்பளை நிலையம் 6,300 அடிக்குச் சற்று மேலே இருந்தது. கடற்கரையில் பாதரசத்தை 760 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தும் காற்று அந்த உயரத்தில் சுமார் 600-தான் தூக்கும். கொதிகலன் தகட்டைப் பிளப்பது உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் என்பதால் சாரதிக்கு இந்தக் குழாயே போதும். ஆனால் மலையின் உயரத்தை அறிய இது உதவாது; வெளிக்காற்றையே பூச்சியமாக வைத்துக்கொண்ட கருவி வெளிக்காற்றை எப்படி அளக்கும்? அதற்கு லூசியன் விடி 1844-ல் உருவாக்கிய, காற்றை உறிஞ்சி அடைத்த உலோகப் பெட்டி வேண்டும். அது வெற்றிடத்தோடு ஒப்பிடுகிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும் என்பதையும் அந்தப் பெட்டி காட்டும் அழுத்தத்தை வைத்தே கணிக்கலாம். இரண்டிலும் உலோகம்தான் வளைகிறது, கேள்விதான் வேறு.

ரோலரின் கேள்வி இந்த இரண்டிலும் சேராது. 1872-ல் அசாமில் வில்லியம் ஜாக்சனும், அதே ஆண்டு இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லரும் இலை உருட்டும் இயந்திரங்களை இயக்கினார்கள். அதற்கு முன் பெரும்பாலும் கையால் மேசையில் தேய்த்து உருட்டிய வேலை அது. மூடி இறங்கினால் இலையின் நுண்ணறைகள் உடைந்து சாறு வெளிவரும். இறங்கியபடியே விட்டால் இலை சூடேறி மணம் கெடும். அதனால் சில நிமிடம் அழுத்தி, சில நிமிடம் தூக்கி ஆறவிட வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்பது, கொழுந்து எந்த அளவு வாடியது, பறிப்பு இளசா முற்றலா, அன்று பனிமூட்டமா வறண்ட காற்றா என்பதைப் பொறுத்தது. இலையை அள்ளிப் பிசைந்து, முகர்ந்து பார்த்த கை இவை அத்தனையையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே அளவை?

கை ஆளுக்கு ஆள் மாறும், கருவி மாறாது என்பார்கள். நியாயமான மறுப்புதான். சிலிக்கனை அழுத்தினால் அதன் மின்தடை மாறுவதை 1954-ல் சார்ல்ஸ் ஸ்மித் கண்டபின் மலிவும் துல்லியமுமான உணரிகள் வந்துவிட்டன. ரோலர் மூடியிலும் ஒன்றைப் பொருத்தலாம், பொருத்தவும் வேண்டும். ஆனால் அது சொல்வது மூடியின் விசையை, இலையின் நிலையை அல்ல. வாடாத கொழுந்துக்கும் நன்றாக வாடிய கொழுந்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் வெளிவருவது இரண்டு வேறு தேயிலை. எந்த நாளில் எந்த எண் சரி என்பதைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்க, அதை அறிந்தவர்கள் வேண்டும். ராகலைப் பக்கத்து ஸ்டோர்களில் ரோலர் ஓட்டி ஓய்ந்தவர்களும் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்த்த பழைய டீமேக்கர்களும் எந்தக் கொழுந்துக்குச் சக்கரத்தை எத்தனை சுற்று திருகினார்கள் என்பதை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.