பெயர் எழுதாத பாட்டு: இசை நூலகரின் பணியும் நம் தோட்டங்களும்

சில ஆண்டுகளுக்கு முன், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத்து மாணவி ஒருத்தி ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய கேசட்டுகளைக் கொண்டு வந்தாள். "டீச்சர், பாட்டி பாடுன தாலாட்டு இதுல ஒன்னுல இருக்கு. எதுன்னுதான் தெரியல." எதிலும் பெயரில்லை, தேதியில்லை. பாதிக்குமேல் பூஞ்சணம். பாட்டு கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்தக் குறையைத் தீர்ப்பதே இசை நூலகரின் வேலை.

1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் ஒலிப்பதிவு நடந்தது. பாடியவர்களுள் ஒருவர் கௌஹர் ஜான். அக்கால இசைத்தட்டு அரக்குக் கலவையால் ஆனது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுதான். கீழே விழுந்தால் உடையும். இவை பெருகப் பெருக, காப்பதற்கும் வகைப்படுத்துவதற்கும் தனிப் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்பட்டார்கள். 1951-இல் பாரிஸில் இசை நூலகர்களுக்கென்றே அனைத்துலகச் சங்கம் தோன்றியது.

தமிழில் இதற்கு நல்ல சான்று ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், சென்னையில் விளம்பரப் பலகை எழுதியவர். நூல்கள், இதழ்கள், பாட்டுப் புத்தகங்கள் என வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டு போகவில்லை. 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சேர்த்தவர் அவர், தேடினால் கிடைக்கும்படி செய்தது நூலகர்களின் பட்டியல்.

பட்டியல் போடுவது லேசான காரியம் அல்ல. ஒரே பாட்டை ஒருவர் முதலடியால் கேட்பார், இன்னொருவர் ராகத்தால், வேறொருவர் படத்தின் பெயரால். எப்படிக் கேட்டாலும் நூலகர் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊர்ப்பெயரும் அப்படித்தான். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. இரண்டு பெயரையும் எழுதாவிட்டால், நாளைய மாணவன் அங்கே பதிவான பாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

மலேசியாவில் 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியிடப்படும் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் பாட்டியின் தாலாட்டை எந்த நிறுவனம் வெளியிட்டது? லயத்து ஒப்பாரியை, கோயில் திருவிழாக் கும்மியை யார் ஒப்படைப்பார்? தோட்டம் கைமாறி, மக்கள் தாமானுக்குக் குடிபெயரும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்தப் பெட்டிதான்.

ஆசிரியர்களே, மாணவர்களே, இதற்குப் பெரிய பணம் வேண்டாம். கைப்பேசியில் பதிவு செய்து ஐந்து விவரம் எழுதி வெச்சா போதும்: பாடியவர், பாட்டின் முதலடி, பாடிய சூழல், தோட்டத்தின் பழைய பெயரும் புதிய பெயரும், பதிவு செய்த நாள். பாடியவரின் அனுமதியையும் கேளுங்கள்.

அந்தப் பெட்டியை மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து கேட்டோம். தாலாட்டு கிடைத்தது. மாணவி உறைமேல் பாட்டியின் பெயரை எழுதினாள். பக்கத்திலேயே வேறொரு கிழவியின் குரலும் இருந்தது. அவர் யாரென்று கேட்க, அப்போது பாட்டி உயிரோடு இல்லை.